ஆளப்படுவது ஓரிடம், வாக்களிப்பது வேறிடம்: ஓசூர்–கிருஷ்ணகிரியிலிருந்து எதேச்சாதிகார ஆய்வு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து கேட்டைவிட்டு வெளியே வரும் கூட்டத்தில் பலருக்கு ஓசூர் சட்டமன்றத் தொகுதியில் வாக்கு கிடையாது. அத்திப்பள்ளி, சந்தாபுரம் பக்கம் குடியிருப்போர் கர்நாடகத்தில் வாக்களிக்க வேண்டியவர்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்கு சொந்த ஊரில். திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் கிராமங்களிலிருந்து வந்து கம்பெனி விடுதியில் தங்கியிருக்கும் பெண்கள் பலருக்கும் அப்படியே. இவர்களுடைய வேலைநேரம், கூலி, உறங்கும் அறை, குடிநீர், பயணம், பாதுகாப்பு எல்லாவற்றையும் தீர்மானிக்கும் அதிகாரங்கள் இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவற்றைத் தட்டிக்கேட்க இவர்களுக்குள்ள வாக்குச்சீட்டோ வேறு தொகுதியிலோ வேறு மாநிலத்திலோ இருக்கிறது.

எதேச்சாதிகாரத்தை ஆராயும் அரசியல் அறிவியல் இந்த மக்களைப் பற்றி இதுவரை அதிகம் பேசவில்லை. அதன் கவனம் தலைநகரங்களில் இருந்தது: தளபதிகள், ஒற்றைக் கட்சிகள், தேர்தலை வளைக்கும் தலைவர்கள். அந்த ஆய்வுகள் தந்தது பெரிய அறிவு. ஆனால் ஒழுங்காகத் தேர்தல் நடக்கும் நாட்டுக்குள், கேள்வி கேட்க முடியாத அதிகாரம் எங்கெங்கே குடிகொள்கிறது என்ற கேள்விக்கு அவை பாதி விடையே தருகின்றன. மீதி விடையைத் தேட ஓசூர், கிருஷ்ணகிரி போன்ற எல்லை வட்டாரங்களுக்கு வர வேண்டும். இங்கே மாநில எல்லை, வன எல்லை, ஆலை மதில், சாதி எல்லை நான்கும் அருகருகே ஓடுகின்றன. ஒவ்வோர் எல்லையிலும் குடிமகனின் உரிமை ஒரு படி இறங்குகிறது. இந்த இறக்கத்தை அளப்பதும் அதைக் கற்பிப்பதும் அரசியல் அறிவியலின் கடமை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

துறை வந்த பாதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஹன்னா அரெண்ட் 1951-இல் சர்வாதிகாரத்தின் தோற்றுவாய்களை ஆராய்ந்தபோது அவர் கண்முன் இருந்தவை நாஜி ஜெர்மனியும் ஸ்டாலினின் சோவியத் ஒன்றியமும். மனித வாழ்வின் எந்த மூலையையும் விட்டுவைக்காத ஆட்சிகள் அவை. எல்லாக் கொடுங்கோன்மையும் அப்படி முழுமையானதல்ல என்பதை 1964-இல் ஹுவான் லின்ஸ் ஃபிராங்கோவின் ஸ்பெயினை வைத்துக் காட்டினார். அங்கே தேவாலயமும் வணிகக் குழுக்களும் ஓரளவு தனித்து இயங்கின; மக்களைத் தெருவில் திரட்டும் ஆர்வமும் ஆட்சிக்கு இருக்கவில்லை. மக்கள் ஒதுங்கி இருந்தால் போதும் என்பதே அதன் நோக்கம். எதேச்சாதிகாரம் என்பதைத் தனி வகையாக ஆராயும் மரபு இங்கிருந்து வலுப்பெற்றது.

அர்ஜென்டினாவின் கியர்மோ ஓ'டொனல் 1973-இல் இன்னொரு பூட்டைத் திறந்தார். தொழில் வளர்ந்தால் ஜனநாயகம் தானாக வளரும் என்று அதுவரை நம்பப்பட்டது. 1964-இல் பிரேசிலிலும் 1966-இல் அர்ஜென்டினாவிலும் தொழில்மயமான சமூகங்களில்தான் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. உயர் அதிகாரிகள், பெருமுதலாளிகள், தளபதிகள் மூவரும் சேர்ந்து தொழிலாளரை அரசியலிலிருந்து வெளியேற்றிய ஆட்சி என்று அவர் அதை விளக்கினார். பார்பரா கெட்டிஸ் 1999-இல் தனிநபர், இராணுவம், ஒற்றைக் கட்சி என்று எதேச்சாதிகாரங்களைப் பிரித்து, எது எப்படி வீழ்கிறது என்று ஒப்பிட்டார். 2002-இல் ஸ்டீவன் லெவிட்ஸ்கியும் லூகன் வேயும் தேர்தல் நடந்தும் ஆடுகளம் சாய்க்கப்பட்டிருக்கும் ஆட்சிகளைப் 'போட்டி எதேச்சாதிகாரம்' என்று அழைத்தனர்.

இந்தியாவும் இந்த விவாதத்துக்குள் இழுக்கப்பட்டது. சுவீடனின் கோதன்பர்க் நகரிலிருந்து இயங்கும் வி-டெம் நிறுவனம் 2021-இல் இந்தியாவைத் 'தேர்தல்வழி எதேச்சாதிகாரம்' என்று வகைப்படுத்தியது. அதே ஆண்டு ஃப்ரீடம் ஹவுஸ் இந்தியாவை 'ஓரளவு சுதந்திரமான' நாடுகளின் வரிசைக்கு இறக்கியது. ஒன்றிய அரசு இரண்டையும் மறுத்தது. நிபுணர்களின் மதிப்பெண்களை வைத்து ஒரு நாட்டை அளப்பது சரியா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 140 கோடி மக்களுக்கு ஒரே மதிப்பெண் போட்டால், தளி வனத்தையொட்டிய குக்கிராமமும் சென்னை அண்ணாசாலையும் அதற்குள் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தக் குறையை உணர்ந்தவரும் ஓ'டொனல்தான். 1993-இல் அவர் ஜனநாயக நாடுகளுக்குள்ளேயே சட்டத்தின் கை எட்டாத 'பழுப்பு வட்டாரங்கள்' இருப்பதைச் சுட்டினார். அங்கே வாக்குரிமை இருக்கும், மற்ற உரிமைகள் இருக்காது. எட்வர்ட் கிப்சன் 2012-இல் வெளியிட்ட நூலில் அமெரிக்கத் தென்மாநிலங்கள், அர்ஜென்டினா, மெக்சிகோ ஆகியவற்றை ஒப்பிட்டு, உள்ளூர் ஆதிக்கம் நிலைப்பதன் சூட்சுமத்தை விளக்கினார். உள்ளூர்ச் சச்சரவு உள்ளூருக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வதே அந்தச் சூட்சுமம். வெளியூர்ப் பத்திரிகையாளர், தேசியக் கட்சி, உயர் நீதிமன்றம் என்று யாராவது அந்த வேலியைத் தாண்டி உள்ளே வரும்போது ஆதிக்கம் ஆட்டம் காண்கிறது. நம் வட்டார வரலாற்றை வாசிக்க இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை.

தொரப்பள்ளி முதல் மிசா வரை

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜாஜியின் அரசியல் வாழ்வே இந்தத் துறைக்கு ஒரு பாடம். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான அவர் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அவர் எடுத்த ஆயுதம், காங்கிரஸ்காரர்களை ஒடுக்க ஆங்கிலேயர் பயன்படுத்தியதும் காங்கிரஸ் கண்டித்து வந்ததுமான குற்றவியல் திருத்தச் சட்டம். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். பெரியார் சிறை சென்றார். போராடிச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் காவலில் இறந்தனர். அதே இராஜாஜி 1959-இல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, உரிமங்களால் குடிமக்களை நெருக்கும் அரசை எதிர்த்துக் கடைசிவரை போராடினார். இவரை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ முத்திரை குத்துவதில் பயனில்லை. அடக்குமுறைச் சட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், நெஞ்சார்ந்த ஜனநாயகவாதியும் அதை எடுக்கக்கூடும் என்பதே பாடம்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது ஓசூர் எல்லைக்கு ஒரு விசித்திரமான பொருள் வந்தது. அத்திப்பள்ளிக்கு அப்பால், பெங்களூர் வந்திருந்த எதிர்க்கட்சித் தலைவர்கள் வாஜ்பாயியும் அத்வானியும் மறுநாளே கைதாகி அங்கிருந்த மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். நடிகை சினேகலதா ரெட்டி அதே சிறையில் நோயுற்று வாடி, 1977 ஜனவரியில் விடுவிக்கப்பட்ட சில நாட்களில் இறந்தார். சோசலிஸ்ட் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸின் தம்பி லாரன்ஸ் 1976-இல் பெங்களூர்க் காவலில் சித்திரவதைக்கு ஆளானார். எல்லைக்கு இப்பால் தமிழகத்தில் ஆளும் தி.மு.க. நெருக்கடி நிலையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. வடக்கிலிருந்து தப்பி வந்த எதிர்க்கட்சியினருக்கு 1976 ஜனவரி 31 வரை இந்த மண் ஓரளவு புகலிடமாக இருந்தது. ஒரே அரசியலமைப்பு, ஒரே நெருக்கடி நிலை, இரண்டு வேறு வாழ்நிலைகள். ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும், விசாரணையின்றி அடைத்துவைக்கும் மிசா சட்டத்தின் கீழ் கைதுகள் தொடங்கின. சென்னை மத்தியச் சிறையில் மு.க. ஸ்டாலின் உள்ளிட்டோர் தாக்கப்பட்டனர். முன்னாள் மேயர் சிட்டிபாபு பின்னர் உயிரிழந்தார். நீதிபதி எம்.எம். இஸ்மாயில் ஆணையம் அந்தச் சிறைக் கொடுமைகளைப் பதிவு செய்தது.

கூட்டாட்சி ஒரு கவசம் என்பதற்கு அந்த ஏழு மாதங்கள் சான்று. அந்தக் கவசத்தை ஒரே கையெழுத்தால் கழற்ற முடிந்தது என்பதற்கும் அதுவே சான்று. 1978-இன் 44ஆம் திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் உடலுக்குமான உரிமையைப் பறிக்க முடியாது என்று ஆக்கியது. பதவி நீக்கப்பட்ட கர்நாடக முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் பெயரால் அறியப்படும் 1994 தீர்ப்பு, மாநில ஆட்சிகளைக் கலைக்கும் அதிகாரத்துக்குக் கடிவாளம் போட்டது.

நெருக்கடி நிலை நம் ஆய்வாளர்களையும் மாற்றியது. காங்கிரஸ் ஆட்சிமுறையை 1964-இல் பல குரல்களை உள்ளடக்கும் ஏற்பாடு என்று விளக்கிய ரஜ்னி கோத்தாரி, பிறகு குடிமை உரிமை இயக்கங்களோடு நின்றார். கட்சிகளையும் தேர்தலையும் மட்டும் பார்த்தால் போதாது, அடித்தள இயக்கங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் வந்து சேர்ந்த இடம் இந்திய அரசியல் அறிவியலின் முக்கியத் திருப்பங்களில் ஒன்று.

சங்கடமான ஓர் உண்மையும் உண்டு. 1977 தேர்தலில் வடஇந்தியா இந்திரா காந்தியைத் தோற்கடித்தது. தமிழகம் அவருடைய கூட்டணிக்குப் பெரும்பாலான தொகுதிகளை அளித்தது. அடக்குமுறை ஒன்றே வாக்குகளைத் தீர்மானிப்பதில்லை. அது யார் மேல் விழுந்தது, எவ்வளவு தெரியவந்தது, மாற்றாக எது இருந்தது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. இன்னொன்று: மிசா ஒழிந்தாலும் முன்தடுப்புக் காவல் ஒழியவில்லை. 1982-இல் வந்த தமிழகத்தின் குண்டர் சட்டம், விசாரணையின்றி ஓராண்டு வரை ஒருவரை அடைத்துவைக்க இடம் தருகிறது. மிசாவில் வதைபட்ட கட்சி உட்பட, மாறி மாறி ஆண்ட எவரும் அதை நீக்கவில்லை.

காடும் மாநில எல்லையும்

கிருஷ்ணகிரி 2004-இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முன் அது தர்மபுரியின் பகுதி. அந்தத் தர்மபுரியில், அரூரை அடுத்த வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் நுழைந்தனர். மலைவாழ் மக்களின் வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டனர். மாவட்ட நிர்வாகமும் மாநில அரசும் நடந்ததையே மறுத்தன. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக, விசாரணை சி.பி.ஐ. கைக்கு மாறியது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தபோது அவர்களில் 54 பேர் இறந்திருந்தனர், எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்றது நீதிமன்றம். 2023-இல் அதே தேதியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கிப்சன் சொல்லும் வேலி இதுதான். அரூருக்குள் வழக்கு இருந்தவரை நீதி கிடைக்கவில்லை. வேலியைத் தாண்டிச் சென்னைக்கும் தில்லிக்கும் போனபிறகே அசைந்தது. நாட்டில் தேர்தல் நடந்தது, சட்டமன்றம் கூடியது, நாளேடுகள் வந்தன. ஆயினும் மூன்று துறைகளின் ஊழியர்கள் ஓர் ஊரின் மேல் அந்நியப் படைபோல நடந்துகொள்ள முடிந்தது. அதிகாரப் பிரிவினை தலைநகரத்தில் இருந்தது. வாச்சாத்தியில் மூன்று துறைகளும் ஒரே கையாக இருந்தன.

சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைத் தேடிய காலத்தில் இந்த நிலை இரு மாநிலங்களுக்கும் பரவியது. தமிழக, கர்நாடக அதிரடிப் படைகளின் முகாம்களில் நடந்த சித்திரவதைகளைப் பற்றிப் புகார்கள் குவிந்ததால் 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவை அமைத்தது. அதன் அடிப்படையில் 2007-இல் 89 பேருக்கு இழப்பீடு பரிந்துரைக்கப்பட்டது. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் மைசூரில் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்த மலைக்கிராம மக்களில் பெரும்பாலோரை 2001-இல் நீதிமன்றம் விடுதலை செய்தது. தமிழகத்தில் வாழ்ந்தவர் கர்நாடகச் சிறையில், வேறு மொழி நீதிமன்றத்தில் நின்றார். குடிமகனுக்கு எல்லை சுவர். அதிரடிப் படைக்கு எல்லை கதவு. 2002-இல் ஊத்தங்கரைப் பகுதியில், தடாவுக்குப் பின் வந்த பொடா சட்டம் பாய்ந்ததையும் இந்த வரிசையில் வைத்தே படிக்க வேண்டும்.

சாதியின் அதிகாரத்துக்கும் இந்த எல்லை பயன்பட்டிருக்கிறது. 2018 நவம்பரில் ஓசூரை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்த, சாதி கடந்து மணந்த இளம் தம்பதியைக் கடத்திக் கொன்று, உடல்களைக் கர்நாடகப் பகுதிக் காவிரியில் வீசினர். இத்தகைய மணங்களைத் தடுக்க எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அப்போது எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஜனநாயகம் இந்திய மண்ணின் மேல்பூச்சாகவே இருக்கிறது, அடிமண் ஜனநாயகத்துக்கு எதிரானது என்ற அம்பேத்கரின் 1948 எச்சரிக்கையை இந்தத் துறையின் முதல் பாடமாக வைக்கத் தோன்றுகிறது. மேலைநாட்டு நூல்கள் அரசின் கொடுமையைத் தெளிவாகப் பேசுகின்றன. அரசுக்கு முன்பே இருந்து அரசுக்குள்ளும் புகுந்துகொண்ட சமூக ஆதிக்கத்தை அவற்றால் முழுதும் விளக்க முடியவில்லை.

ஆலை மதிலுக்குள்

1970-களில் ஓசூரில் சிப்காட் வந்தது. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும், அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே மாநில அரசு நிறுவனமான டிட்கோவின் பங்கோடு டைட்டனும் வந்தன. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர் தொலைவில், நிலம் மலிவு, அரசுச் சலுகைகள் தாராளம். வறண்ட பூமியாக இருந்த வட்டாரம் வேலை தரும் வட்டாரமானது. அந்தத் தலைமுறையில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிக்க வைத்தனர், சங்கம் வைத்துக் கூலி பேசினர். ஆலை வேலை பலருக்குச் சாதிக் கிராமத்திலிருந்து விடுதலையாகவும் இருந்தது. இதை மறைத்துவிட்டு எழுதுவது ஆய்வாகாது.

அடுத்த தலைமுறையின் கதை வேறு. காண்ட்ராக்ட் தொழிலாளர், பயிற்சியாளர் என்ற பெயர்களில் வேலை செய்வோர் பெருகினர். 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழகத்தின் 1981 சட்டம் சொல்கிறது. 480 நாள் ஆகுமுன் வேலையை முறித்துவிட்டால் சட்டம் கண்முன் இருந்தும் கைக்கு எட்டுவதில்லை. தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் வருபவர் தொழிலாளரே அல்லர். சங்கத்தைப் பதிவுசெய்ய 1926 சட்டம் வழி செய்தது. பதிவான சங்கத்தோடு முதலாளி பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தமிழகத்தில் இருக்கவில்லை. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்ததன் மையக் கோரிக்கை கூலி உயர்வைவிடச் சங்கத்தின் அங்கீகாரமே. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 29 சட்டங்களை உள்வாங்கின. பேரம் பேசும் சங்கத்துக்கு இப்போது சட்டத்தில் இடமுண்டு. அதே தொகுப்பில் வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயமாகியுள்ளது, அரசின் அனுமதியின்றி ஆட்குறைப்புச் செய்யக்கூடிய ஆலைகளின் அளவு 100 பேரிலிருந்து 300 பேராக உயர்ந்துள்ளது.

அரசியல் அறிவியலாளர் ராபர்ட் டால் 1985-இல் ஒரு நேர்க்கேள்வி கேட்டார்: நாட்டை ஆள ஜனநாயகம் நியாயம் என்றால், நிறுவனத்தை ஆள அது ஏன் நியாயமாகாது? அதே ஆண்டு சமூகவியலாளர் மைக்கேல் புராவோய், ஒவ்வோர் ஆலைக்குள்ளும் ஓர் ஆட்சிமுறை இருப்பதை, அது வற்புறுத்தலாலோ இசைவாலோ நடப்பதை விளக்கினார். விடுதியும் ஆலையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும்போது அந்த ஆட்சி எட்டு மணி நேரத்தோடு முடிவதில்லை. எப்போது வெளியே போகலாம், யார் பார்க்க வரலாம், என்ன சாப்பிடலாம் என்பதும் நிர்வாகத்தின் முடிவாகிறது.

2025 நவம்பரில் நாகமங்கலம் பகுதியில் பெரிய மின்னணு ஆலையொன்றின் பெண்கள் விடுதிக் குளியலறையில் இரகசியக் கேமரா கண்டுபிடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் வெளியே வந்து போராடினர். அதன்பிறகு காவல்துறையும் மாவட்ட நிர்வாகமும் விரைந்தன. குற்றத்தை விசாரிப்பது காவல்துறையின் வேலை. ஆய்வாளரின் கேள்வி அதற்கு முந்தையது: ஆயிரக்கணக்கானோர் வாழும் இடத்தில், அவர்கள் தேர்ந்தெடுத்த ஒரு விடுதிக் குழுகூட இல்லாமல், தெருவில் அமர்ந்தால்தான் குரல் கேட்கும் என்ற நிலை எப்படி வந்தது?

புலம்பெயர் தொழிலாளரின் வாக்குரிமையைப் பற்றித் தேர்தல் ஆணையம் ஒருமுறை யோசித்தது. தொலைவிலிருந்து வாக்களிக்கும் எந்திரம் ஒன்றை 2022 டிசம்பரில் அறிவித்து 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்டியது. எதிர்க்கட்சிகள் ஐயம் தெரிவித்தன, திட்டம் நின்றது. அது நடைமுறைக்கு வந்திருந்தாலும் சொந்த ஊரின் உறுப்பினரையே தேர்ந்தெடுத்திருப்பார்கள். வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் வெளிமாநிலத்தார் இங்கே வாக்காளராவதைத் தமிழக அரசியல் அச்சத்தோடு பார்க்கிறது. மொழியும் மாநில உரிமையும் காக்கப்பட வேண்டும் என்ற கவலை நியாயமானது. அதற்காக, நம் ஆலைகளில் பல ஆண்டுகள் உழைப்பவர் உள்ளாட்சியிலும் குரலற்றவராக இருக்கலாம் என்று ஏற்பது நியாயமாகாது.

நிலமும் ஊராட்சியும்

2023-இல் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளின் விவசாயிகள் சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தரமாட்டோம் என்று நீண்ட காத்திருப்புப் போராட்டம் நடத்தினர். அவர்களுக்கு எதிரில் இருந்தது தமிழகத்தின் 1997 தொழில் நோக்க நில எடுப்புச் சட்டம். ஒன்றிய அரசின் 2013 சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டையும், தனியார் திட்டங்களுக்கு உரிமையாளரின் சம்மதத்தையும் கேட்கிறது. மாநிலச் சட்டம் கேட்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அதைச் செல்லாது என்றது. சட்டமன்றம் அதே ஆண்டு அதற்கு மறுஉயிர் கொடுத்தது; 2021-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. எல்லாம் முறைப்படியே நடந்தது. முறைப்படி நடந்தும், நிலம் இழப்பவரின் வாயிலிருந்து 'சம்மதம்' என்ற சொல் தேவைப்படாத ஏற்பாடு உருவாகிவிட்டது.

சம்மதத்தைத் தெரிவிக்கும் அடுத்த இடம் உள்ளாட்சி. தமிழகத்தில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களுக்கு 2019 டிசம்பரில்தான் வந்தது. 2019-இல் மாநகராட்சியான ஓசூர் தன் முதல் மாமன்றத்தைத் தேர்ந்தெடுத்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலமெல்லாம் தனி அலுவலர் ஆட்சி. 2025 ஜனவரி 5-இல் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் மீண்டும் முடிய, மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்று அரசியலமைப்பு கட்டளையிட்டும் இப்படி நடக்கிறது. சட்டமன்றத் தேர்தல் இப்படித் தள்ளிப்போயிருந்தால் நாடே கொதித்திருக்கும். ஊராட்சிக்கு நடந்தால் ஒரு நாள் செய்தி. எதேச்சாதிகார ஆய்வு இதைச் சிறு நிர்வாகத் தாமதமாக ஒதுக்கக் கூடாது. ஆலை வரும் நேரத்தில் நிலம், நீர், கழிவு பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய மன்றமே காலியாக இருப்பது அதிகாரத்தின் வடிவம்.

மறுப்புகளுக்கு விடை

மூன்று மறுப்புகள் வரும். முதலாவது, இது மிகை. ஓசூரை ஃபிராங்கோவின் ஸ்பெயினோடு வைக்கலாமா? வைக்கக் கூடாது, வைக்கவும் இல்லை. இங்கே ஆட்சி மாறுகிறது, பத்திரிகை எழுதுகிறது, நீதிமன்றம் திருத்துகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, எல்லாத் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. சில நாட்களில் அது நிறுத்தப்பட்டு மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. எதேச்சாதிகார நாட்டில் இது நடக்காது. ஆகவேதான் 'ஆட்சி' என்ற சொல்லைவிட 'வட்டாரம்' என்ற சொல் பொருந்துகிறது: ஜனநாயகத்தின் ஒளி சீராகப் படவில்லை என்பதே நம் கூற்று.

இரண்டாவது, வளர்ச்சிக்கு உறுதியான கை வேண்டும் என்பது. சிங்கப்பூரையும் சீனாவையும் காட்டுவார்கள். ஆடம் பிரஷவோர்ஸ்கியும் சக ஆய்வாளர்களும் 2000-இல் பல பத்தாண்டுத் தரவுகளை ஒப்பிட்டு, சராசரி வளர்ச்சியில் சர்வாதிகாரங்கள் ஜனநாயகங்களை விஞ்சவில்லை என்று காட்டினர். ஓசூரே சான்று: தேர்தலும் சங்கமும் உள்ள மாநிலத்தில்தான் அது வளர்ந்தது. இலங்கையைப் பாருங்கள். 1978-இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயமும் நிறைவேற்று ஜனாதிபதி முறையும் சேர்ந்து வந்தன. மறு ஆண்டு பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. தமிழர் கொடுத்த விலை உலகறிந்தது. அதே அரசு 2011-இல் அந்த வலயத்தின் சிங்களத் தொழிலாளர் மேலும் துப்பாக்கியைத் திருப்பியது. ஒரு பிரிவினருக்கு எதிராகக் கூர்தீட்டிய கருவி அவர்களோடு நிற்பதில்லை. தென்கொரியாவோ எதிர்த்திசையைக் காட்டுகிறது: 1970-இல் சியோல் தையற்கூடத் தொழிலாளி சொன் தே-இல் தீக்குளித்ததிலிருந்து 1987 எழுச்சி வரை, ஆலைத் தொழிலாளரே அந்நாட்டின் ஜனநாயகத்தைக் கட்ட உதவினர்.

மூன்றாவது, ஆலை தனியார் சொத்து, அங்கே அரசியலுக்கு என்ன வேலை என்பது. நிலத்தை அரசு எடுத்துத் தருகிறது, சாலையும் மின்சாரமும் அரசு தருகிறது, வாசலில் காவலுக்கு அரசின் போலீஸ் நிற்கிறது. பொது அதிகாரத்தால் உருவான இடத்தில் பொது உரிமை மட்டும் விலக்கு என்பது பொருந்தாத வாதம்.

வகுப்பறை

எதேச்சாதிகாரத்தைப் பற்றிக் கற்பிப்பதே பல இடங்களில் கடினமாகி வருகிறது. 2015-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் நீக்கப்பட்டு, போராட்டத்துக்குப் பின் திரும்பத் தரப்பட்டது. 2020-இல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் அமைப்பின் புகாருக்குப் பின், மாவோயிஸ்டுகளைப் பற்றிய அருந்ததி ராயின் நூலைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்தது. பயந்த பாடத்திட்டம் பயந்த குடிமக்களையே உருவாக்கும்.

ஓசூர், கிருஷ்ணகிரிக் கல்லூரிகளில் படிப்போரில் பலர் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். நாளை இதே ஆலைகளுக்குள் நுழையப் போகிறவர்கள். அவர்களுக்கு அரெண்டையும் லின்ஸையும் தமிழில் கற்பிக்க வேண்டும். கூடவே ஓர் ஆலையின் நிலையாணைகளை வாங்கி வாசிக்கவும், கிராம சபைத் தீர்மானம் என்ன ஆனது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கவும், வாச்சாத்தித் தீர்ப்பையும் இஸ்மாயில் அறிக்கையையும் பாடமாகப் படிக்கவும் பழக்க வேண்டும். கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி, ஒடியா பேசுவோர் சேர்ந்து வாழும் வட்டாரத்தில் இந்த ஆய்வுக்கு மொழிகளும் தேவை. பெங்களூர்ப் பல்கலைக்கழகங்களும் சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் எல்லை கடந்து கூட்டாய்வு செய்தால், மாநிலத்துக்கொன்றாகச் சிதறிக் கிடக்கும் பதிவுகள் ஒரே வரலாறாகத் தெரியும்.

ஆய்வு எதை அளக்க வேண்டும்? ஓரிடத்தில் மனிதர்மேல் அதிகாரம் செலுத்துபவர் யார். அவரிடம் விளக்கம் கேட்க ஆளப்படுவோருக்கு வழி உண்டா. கேட்டபின் வேலையும் வீடும் உயிரும் பத்திரமாக இருக்குமா. இந்த மூன்றையும் ஊர் ஊராக, ஆலை ஆலையாகப் பதிவுசெய்தால், தலைநகரத்துக்குப் போடும் ஒற்றை மதிப்பெண்ணைவிட உண்மையான வரைபடம் கிடைக்கும். அந்த வரைபடம் உடனடி வேலைகளையும் சுட்டும்: விடுதிகளில் தேர்ந்தெடுத்த குழுக்கள், பதிவான சங்கத்தோடு பேச்சு, உள்ளாட்சித் தேர்தலுக்குத் தள்ளிப்போட முடியாத தேதி, வெளியூர்த் தொழிலாளருக்கு ஊராட்சியில் ஓர் இருக்கை, விசாரணையற்ற காவலுக்கு முற்றுப்புள்ளி. இவற்றில் எதுவும் புரட்சி அல்ல. அரசியலமைப்பு ஏற்கெனவே வாக்களித்த குடியுரிமையை எல்லைக்கோடு வரைக்கும், ஆலை மதிலுக்கு உள்ளேயும் கொண்டுசேர்க்கும் வேலைதான். அதைச் செய்யாத அரசு எந்த நிறத்தில் இருந்தாலும், எந்த மொழியில் பேசினாலும், அடுத்த நெருக்கடி நிலைக்கான கருவிகளைப் பாதுகாத்து வைத்திருக்கும் அரசே.